என் முட்டை அவருடைய விந்தணுவை ஏற்க மறுத்துவிட்டதா?

சாட்ஸ்வொர்த்திலிருந்து வாசகி ஒருவர் எழுதுகிறார்: "எனக்கு வயது 33. திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கணவரின் விந்துப் பரிசோதனையில் எண்ணிக்கையும் ஓட்டமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். சேமிப்பையெல்லாம் எடுத்து டர்பனிலுள்ள ஒரு தனியார் மையத்தில் ஐ.வி.எஃப். செய்துகொண்டோம். 11 முட்டைகள் எடுத்தார்கள். மறுநாள் காலை தொலைபேசியில் அழைத்து, 9 முட்டைகள் முதிர்ந்திருந்தும் ஒன்றுகூடக் கருவுறவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த முறை, விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி செய்யலாம் என்கிறார் மருத்துவர். யோனிப் பொருத்தம் பார்க்காமல் முடித்த கல்யாணம் என்கிறார் மாமியார். இரத்தப் பிரிவு ஒத்துப்போகவில்லை என்கிறார் ஒரு தோழி. விந்தணுவும் முட்டையும் ஒன்றையொன்று எப்படித்தான் அடையாளம் காண்கின்றன? என் முட்டை அவருடைய விந்தணுவை ஏற்க மறுத்துவிட்டதா? வேறொருவராக இருந்தால் நடந்திருக்குமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மனத்தை அதிகம் உறுத்துவது கடைசி இரண்டு கேள்விகள்தான் என்று தோன்றுவதால் அவற்றிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் முட்டை உங்கள் கணவரைத் தனியாக இனங்கண்டு விலக்கியது என்று எண்ணுவதற்கு ஆதாரம் இல்லை. விந்தணுவும் முட்டையும் ஒன்றையொன்று அறியப் பயன்படுத்தும் புரதங்கள் மனித இனம் முழுவதற்கும் பொதுவானவை. எதிரே இருப்பது மனித முட்டையா, மனித விந்தணுவா என்பதைத்தான் அவை பார்க்கின்றனவே தவிர, இன்னாருடையது என்று பார்ப்பதில்லை. கருவுறுதல் என்பது ஒரே நொடியில் நடந்து முடியும் சந்திப்பு அன்று. ஒன்றன்பின் ஒன்றாகப் பல படிகள் நிறைவேறினால்தான் அது முழுமை பெறும். உங்கள் விஷயத்தில் அவற்றுள் ஏதோ ஒரு படியில் வேலை நின்றுபோயிருக்கிறது. எந்தப் படியில் நின்றது என்பதை ஆய்வகத்தின் குறிப்பேட்டிலிருந்து ஓரளவு ஊகிக்க முடியும். அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்காமல் அடுத்த சுற்றுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வந்த ஆலோசனை. அதில் எதைத் தேட வேண்டும் என்பது விளங்குவதற்காகவே கீழே சற்று விரிவாக எழுதுகிறேன்.

அன்று ஆய்வகத்தில் என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம். நான் கருவியல் ஆய்வகத்தில் பணிபுரிபவன். ஆகவே தட்டின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். உறிஞ்சி எடுத்த திரவத்தில் முட்டை வெறும் முட்டையாக வருவதில்லை. கியூமுலஸ் எனப்படும் சிறு உயிரணுக்களின் திரள் அதைச் சூழ்ந்திருக்கும். ஊறவைத்த ஜவ்வரிசியைப் போல வழவழப்பும் பளபளப்புமாகத் தெரியும் அந்தத் திரளின் நடுவே, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள முட்டை மங்கலான புள்ளியாகக் கிடக்கும். கழுவிப் பிரித்தெடுத்த விந்தணுக்களில் ஒரு முட்டைக்கு ஐம்பதாயிரம் முதல் ஒரு லட்சம் வரை விட்டு, 37 பாகை வெப்பத்தில் இரவு முழுவதும் வைத்திருப்போம். பிறகு 16 முதல் 18 மணி நேரம் கழித்து மெல்லிய கண்ணாடிக் குழலால் அந்தத் திரளை நீக்கிவிட்டு, முட்டைக்குள் தாயின் மரபுப் பொருளும் தந்தையின் மரபுப் பொருளும் இரண்டு தெளிவான வட்டங்களாகத் தெரிகின்றனவா என்று பார்ப்போம். உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லப்பட்ட செய்தி, ஒன்பதில் எதிலும் அந்த இரு வட்டங்களைக் காணவில்லை என்பது மட்டுமே. விந்தணு முட்டையை நெருங்கவே இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. நெருங்கி, ஒட்டி, உள்ளே நுழைந்த பிறகும் அந்த வட்டங்கள் தோன்றாமல் போகலாம்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். வழக்கமான ஐ.வி.எஃப். முறையில் முட்டை முதிர்ந்ததா என்பதைத் திரளை நீக்கிய பிறகுதான், அதாவது மறுநாள் காலையில்தான், நிச்சயமாகச் சொல்ல முடியும். விந்தணுவைச் சேர்த்த நேரத்தில் முதிராமல் இருந்து, இரவில் தாமதமாக முதிர்ந்த முட்டையும் காலைக் கணக்கில் 'முதிர்ந்தது' என்றே இடம்பெறும். ஒன்பதும் அப்படி இருந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் சில அப்படி இருந்திருக்கலாம்.

இனிப் படிகளுக்கு வருவோம். வெளியேறிய உடனே எந்த விந்தணுவுக்கும் முட்டையைக் கருவுறச் செய்யும் ஆற்றல் இருப்பதில்லை. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் தங்கிய பிறகே அந்த ஆற்றலை அது பெறுகிறது என்பதை அமெரிக்காவில் எம். சி. சாங்கும் ஆஸ்திரேலியாவில் சி. ஆர். ஆஸ்டினும் 1951-இல் தனித்தனியே கண்டறிந்தனர். விந்தணுவின் சவ்விலிருந்து கொழுப்புப் பொருள் விலகுகிறது. வால் முன்னைவிட வேகமாகவும் ஆவேசமாகவும் சுழலத் தொடங்குகிறது. ஆய்வகத்தில் இதற்கு வேண்டிய பைகார்பனேட்டும் புரதமும் வளர்ப்புத் திரவத்திலேயே சேர்க்கப்படுகின்றன. திறனேற்றம் எனப்படும் இந்த மாற்றத்தில் முக்கியப் பங்கு வகிப்பது, வாலில் அமைந்திருக்கும் கேட்ஸ்பர் என்னும் கால்சியம் வாயில். முட்டையைச் சூழ்ந்த கியூமுலஸ் அணுக்கள் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் அந்த வாயிலைத் திறக்கிறது. எண்ணிக்கையும் ஓட்டமும் குறைவற்று இருந்தும், இந்த வாயில் மட்டும் வேலை செய்யாத ஆண்கள் இருக்கிறார்கள். வழக்கமான விந்துப் பரிசோதனையில் அது தெரியவே தெரியாது. அத்தகையோருக்கு ஐ.வி.எஃப். பலிப்பதில்லை, இக்ஸி பலிக்கிறது. உங்கள் கணவரின் பரிசோதனை நன்றாக இருக்கிறது என்ற சொல்லை நான் முழு விடையாக எடுத்துக்கொள்ளாததற்கு இது முதல் காரணம்.

அடுத்தது முட்டையின் புற உறை. கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் இந்தச் சோனா உறை, மனிதரில் நான்கு புரதங்களால் நெய்யப்பட்டது, அவை இசட்.பி. 1 முதல் இசட்.பி. 4 வரை எண்ணிட்டு அழைக்கப்படுகின்றன. இனத்தைப் பார்த்து உள்ளே விடும் காவல் பெரும்பாலும் இந்த உறையில்தான் இருக்கிறது. விந்தணு எந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது என்பதில் பல ஆண்டுகள் மூன்றாம் புரதத்தையே சுட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் இரண்டாம் புரதத்தின் முனைப்பகுதியைச் சுட்டுகின்றன. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் ரியூசோ யானகிமாச்சி 1976-இல் செய்து காட்டிய சோதனை இங்கே நினைவுகூரத்தக்கது. ஹாம்ஸ்டர் என்னும் சிறு கொறிவிலங்கின் முட்டையிலிருந்து புற உறையை நீக்கிவிட்டால், மனித விந்தணு அதனுள் நுழைந்துவிடுகிறது; உறை இருந்தால் நுழைவதில்லை. உங்கள் மாமியார் கவலையில் சொன்ன யோனிப் பொருத்தம், நட்சத்திரங்களுக்கு விலங்குகளை வகுத்துப் பார்க்கும் கணக்கு. விலங்கு பார்க்கும் பொருத்தம் ஒன்று முட்டையின் உறையில் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அது மனிதரையும் ஹாம்ஸ்டரையும் பிரிப்பதற்கு இருப்பதேயன்றி, உங்களையும் உங்கள் கணவரையும் பிரிப்பதற்கு இல்லை.

விந்தணுவின் தலையில் தொப்பி போல அமைந்த அக்ரோசோம் என்னும் பை உடைந்து திறந்தால்தான் அடுத்த படிக்குத் தேவையான புரதம் வெளியே வரும். கடல்வாழ் உயிர்களின் விந்தணுக்களில் இதை முதலில் விவரித்தவர் ஜப்பானில் பணிபுரிந்த ஜீன் டான், ஆண்டு 1952. நம் டர்பனில் ப்ளஃப் பக்கத்து ட்ரெஷர் பீச் பாறைக்குழிகளுக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறார்களே, அங்கே அவர்கள் குனிந்து பார்க்கும் கடல் முள்ளெலிகளின் இனம்தான் இந்தத் துறைக்கே அடித்தளம் இட்டது. ஆணும் பெண்ணும் கடல்நீரிலேயே தங்கள் அணுக்களை விட்டுவிடுவதால், அங்கே பிற இனத்து விந்தணுவும் அலைந்துகொண்டிருக்கும். ஆகவே அடையாளம் காண்பது அவற்றுக்கு வாழ்வா சாவா என்ற விஷயம். தன் இனத்து முட்டையில் விந்தணு ஒட்ட உதவும் பைண்டின் என்னும் புரதத்தை 1977-இல் முதலில் பிரித்தெடுத்ததும் கடல் முள்ளெலியின் விந்தணுவிலிருந்துதான்.

உறையைக் கடந்த விந்தணு முட்டையின் சவ்வைத் தொடும் இடத்தில்தான் உங்கள் கேள்வியின் நேரடியான விடை இருக்கிறது. ஒசாகா பல்கலைக்கழகத்தில் மசாரு ஒகாபேயின் குழு 2005-இல் விந்தணுவின் தலையில் இசுமோ-1 என்னும் புரதத்தைக் கண்டது. அதற்கு இணையாக முட்டையின் சவ்வில் இருப்பது எது என்று ஒன்பது ஆண்டுகள் தெரியாமலே இருந்தது. 2014-இல் இங்கிலாந்தின் வெல்கம் சாங்கர் நிறுவனத்தில் கேவின் ரைட்டின் குழு அதைக் கண்டுபிடித்து ஜூனோ என்று பெயரிட்டது. இசுமோ என்பது ஜப்பானியர் திருமண வரம் வேண்டிச் செல்லும் ஆலயம். ஜூனோ ரோமானியரின் திருமணத் தெய்வம். நம்மவர் யாராவது கண்டிருந்தால் திருமணஞ்சேரி என்று வைத்திருப்பார்கள். ஜூனோ இல்லாத பெண் எலியும் இசுமோ இல்லாத ஆண் எலியும் மற்றெல்லா வகையிலும் நலமாக இருந்தும், அவற்றுக்குக் குட்டி பிறப்பதில்லை. இந்த இரண்டின் பிடிப்பு மிகவும் மெலிந்தது. தனியாக ஒரு இணையை எடுத்துச் சோதித்தால் நொடியில் விட்டுவிடும். பல இணைகள் ஒரே இடத்தில் சேர்ந்து பற்றுவதால்தான் பிடி நிற்கிறது. முட்டையின் பக்கத்தில் சி.டி. 9 என்னும் இன்னொரு புரதமும் தேவை என்பது 2000-ஆம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. விந்தணுவின் பக்கத்திலும் இசுமோ தனியாக நிற்பதில்லை. அது வேறு இரண்டு புரதங்களோடு மூவராகச் சேர்ந்தே முட்டையை அணுகுகிறது என்று வியன்னாவிலுள்ள ஆய்வாளர்கள் 2024-இல் செயற்கை நுண்ணறிவின் கணிப்பைக் கொண்டு கண்டு, சோதனைகளால் உறுதிப்படுத்தினார்கள். ஆனால் பற்றுவது வேறு, இரு சவ்வுகளும் உருகி ஒன்றாவது வேறு. பற்றும் புரதங்கள் தெரிந்த அளவுக்கு, பாலூட்டிகளில் உருக்கி இணைக்கும் வேலையைச் செய்வது எது என்பது இன்னும் தீர்ந்த விஷயமன்று. செடிகளிலும் சில ஒற்றையணு உயிர்களிலும் அந்த வேலையைச் செய்யும் புரதம், டெங்கு வைரஸ் நம் அணுக்களுக்குள் நுழையப் பயன்படுத்தும் புரதத்தின் அமைப்பையே ஒத்திருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

ஒரு விந்தணு இணைந்துவிட்டால் முட்டை கதவைச் சாத்திக்கொள்கிறது. எலிகளில் ஜூனோ அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் சவ்விலிருந்து உதிர்ந்துவிடுகிறது. முட்டையின் உள்ளிருந்து வெளிவரும் ஒரு நொதி புற உறையின் இரண்டாம் புரதத்தை வெட்டிவிடுவதால், பின்னால் வரும் விந்தணுக்களுக்கு ஒட்ட இடமில்லாமல் போகிறது. உங்கள் பிரச்சினைக்கு இது அவ்வளவு தொடர்புடையதன்று என்பதால் இத்துடன் விடுகிறேன்.

தொடர்புடையது அடுத்த படி. இணைந்த விந்தணு உள்ளே நுழைந்தவுடன் முட்டை தானாக விழித்துக்கொள்வதில்லை. அதை எழுப்ப வேண்டும். 2002-இல் கார்டிஃப் ஆய்வாளர்கள் கண்ட பி.எல்.சி. சீட்டா என்னும் புரதத்தை விந்தணு தன்னோடு கொண்டுவருகிறது. அது முட்டைக்குள் கால்சியத்தை அலை அலையாக எழுப்புகிறது. அந்த அலை எழாவிட்டால், விந்தணுவின் தலை முட்டைக்குள்ளேயே இருந்தும் காலையில் இரண்டு வட்டங்கள் தெரியாது. இந்தப் பிழையும் உங்கள் கணவரின் பரிசோதனை அறிக்கையில் தெரிந்திருக்க முடியாது.

வேறொருவராக இருந்தால் நடந்திருக்குமா என்ற கேள்வியைத் தயக்கத்துடன் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் கூச்சப்பட எதுவும் இல்லை; அதே கேள்வியைக் கேட்டு ஒரு சோதனையை உருவாக்கியவர்களில் நம் தென்னாப்பிரிக்க நாட்டவர்களும் உண்டு. கேப் டவுனுக்கு அருகிலுள்ள டைகர்பர்க் மருத்துவமனையைச் சேர்ந்த டேனியல் ஃபிராங்கனும் தீனஸ் க்ரூகரும் பங்குகொண்ட ஒரு குழு, 1988-இல் அமெரிக்காவில், கருவுறுதலுக்குப் பயன்படாத முட்டையின் உறையை நுண்கத்தியால் சரிபாதியாக வெட்டியது. ஒரு பாதியைக் கணவரின் விந்தணுவிலும், மறு பாதியைக் குழந்தை பெற்ற வேறொருவரின் விந்தணுவிலும் போட்டு, எதில் எத்தனை ஒட்டுகின்றன என்று எண்ணினார்கள். ஒரே உறையின் இரண்டு பாதிகள் என்பதால், ஒரு பக்கம் மட்டும் ஒட்டாவிட்டால் குறை விந்தணுவின் பிடிக்கும் ஆற்றலில்தான் என்று அறிய முடிந்தது. க்ரூகர் 1986-இல் தம் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்ட கண்டிப்பான வடிவ அளவுகோலும் இதனோடு தொடர்புடையது: தலை வடிவம் சீராக உள்ள விந்தணுக்களின் விகிதம் மிகக் குறைந்தால், மற்ற எல்லா எண்களும் நன்றாக இருந்தாலும் கருவுறுதல் குறைகிறது. இன்று உலக சுகாதார அமைப்பு கொள்ளும் கீழ் எல்லை 4 விழுக்காடு. நீங்கள் எண்ணிக்கையையும் ஓட்டத்தையும் குறிப்பிட்டீர்கள், வடிவத்தைக் குறிப்பிடவில்லை. அந்த எண் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று மீதி இருக்கிறது. முட்டையைச் சூழ்ந்த திரவம் சில ஆண்களின் விந்தணுக்களை மற்றவர்களுடையதைவிட அதிகமாக ஈர்க்கிறது என்று 2020-இல் மான்செஸ்டரில் சிகிச்சை பெற்ற தம்பதியரின் மாதிரிகளைக் கொண்டு செய்த ஆய்வு காட்டியது. இதை யாராவது உங்களுக்கு அனுப்பி, 'பார், பொருத்தம் உண்டு' என்று சொல்லக்கூடும். அது விந்தணுக்கள் நீந்தி வரும் எண்ணிக்கையில் காணப்பட்ட வேறுபாடு. கருவுறாமைக்குக் காரணம் என்று நிறுவப்பட்டதன்று. அந்த ஈர்ப்பு கணவர், பிறர் என்ற பாகுபாட்டையும் பின்பற்றவில்லை. மேலும், ஒரு லட்சம் விந்தணுக்களை முட்டையின் அருகிலேயே கொண்டு விடும் ஆய்வகத் தட்டில், தூரத்திலிருந்து ஈர்ப்பதற்கு வேலையே இல்லை. இரத்தப் பிரிவைப் பொறுத்தவரை, அது கருவுறுதலில் தலையிடுவதில்லை, ஆர்.எச். வேறுபாடு கர்ப்பம் தரித்த பின் கவனிக்க வேண்டியது.

ஆகவே மையத்துக்கு எழுதி, கருவுறாத அந்த ஒன்பது முட்டைகளைப் பற்றிய கருவியல் ஆய்வகக் குறிப்பைக் கேளுங்கள். அது உங்களுக்குரிய மருத்துவப் பதிவு; கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. புற உறையின்மேல் விந்தணுக்கள் ஒட்டியிருந்தனவா என்பதை முதலில் பாருங்கள். உறை துடைத்துவைத்தது போல வெறுமையாக இருந்திருந்தால், நான் விந்தணுவின் வடிவத்தையும், விந்தணுவுக்கு எதிரான எதிர்ப்புரதங்களையும், கேட்ஸ்பர் போன்ற குறைகளையும் நினைப்பேன். அரிதாக, உறைப் புரதங்களின் மரபணுவில் மாற்றம் உள்ள பெண்களிடமும் இப்படி நேரலாம். உறையில் நிறைய ஒட்டியிருந்தும் உள்ளே ஒன்றும் இல்லை என்றால் துளைத்துச் செல்வதில் குறை. உறைக்கும் சவ்வுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் விந்தணுக்கள் தென்பட்டிருந்தால், இசுமோவும் ஜூனோவும் சந்திக்கும் அந்தக் கடைசிப் படியிலேயே தடை என்று ஐயுறலாம்; இது மிக அரிது. பல ஆய்வகங்கள் இவ்வளவு நுணுக்கமாக எழுதி வைப்பதில்லை என்பதும் உண்மை. குறைந்தபட்சம் ஒட்டியிருந்தனவா இல்லையா என்பதையாவது அன்று பார்த்தவர் சொல்லக்கூடும்.

இக்ஸி செய்யலாம் என்ற உங்கள் மருத்துவரின் கருத்தோடு நான் முழுவதும் உடன்படுகிறேன். வழக்கமான ஐ.வி.எஃப். சுற்றுகளில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காட்டில் இப்படி ஒன்றுமே கருவுறாமல் போகிறது. இக்ஸியில் அது 1 முதல் 3 விழுக்காடு அளவே. 1992-இல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கிய இந்த முறையில், ஒரு விந்தணுவை ஊசியால் எடுத்து நேராக முட்டைக்குள் விட்டுவிடுவதால், திறனேற்றம், உறை, இசுமோ, ஜூனோ என்று நான் மேலே எழுதிய எல்லாப் படிகளும் ஒரேயடியாகத் தாண்டப்படுகின்றன. தாண்டப்படாதது ஒன்றுதான்: முட்டையை எழுப்பும் படி. சிலர், பாதி முட்டைகளைப் பழைய முறையிலும் பாதியை இக்ஸியிலும் செய்து பார்த்தால் காரணம் தெரியுமே என்பார்கள். ஒன்பதில் ஒன்றுகூட ஆகாத பிறகு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரும்பாலான மெடிக்கல் எய்ட் திட்டங்கள் இந்தச் சிகிச்சைக்குப் பணம் தராத நிலையில், காரணத்தை அறியும் ஆவலுக்காக உங்கள் முட்டைகளில் பாதியைப் பணயம் வைப்பது நியாயமன்று. இக்ஸியில் முட்டையின் முதிர்ச்சியை ஊசி செலுத்துவதற்கு முன்பே பார்த்துவிடுவதால், தாமதமாக முதிர்ந்த முட்டைகளைப் பற்றிய ஐயமும் அப்போது தீர்ந்துவிடும்.

அந்தச் சுற்றுக்கு முன்பாக, உங்கள் கணவருக்கு வடிவ அளவீட்டோடு கூடிய புதிய விந்துப் பரிசோதனையும் எதிர்ப்புரதச் சோதனையும் செய்துகொள்ளச் சொல்லுங்கள். இரண்டும் பெரிய செலவல்ல. குறிப்பாக, வட்டமான தலையும் அக்ரோசோம் இல்லாமையும் எழுதப்பட்டிருந்தால், இக்ஸி நாளன்றே கால்சியம் அயனோஃபோர் என்னும் மருந்தால் முட்டையைச் செயற்கையாக எழுப்ப மையம் ஆயத்தமாக இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், ஏனெனில் அத்தகைய விந்தணுக்களில் பி.எல்.சி. சீட்டாவும் பெரும்பாலும் குறைந்திருக்கும். அப்படி எதுவும் இல்லையென்றால் அந்த மருந்தை முதல் இக்ஸியிலேயே கேட்க வேண்டியதில்லை. இக்ஸியிலும் ஒன்றும் கருவுறாமல் போனால் மட்டுமே, கணவரிடம் பி.எல்.சி. சீட்டா மரபணுவையும் உங்களிடம் முட்டை விழித்தெழத் தேவையான வீ-2 மரபணுவையும் சோதிக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.